சம்பளமும் டெக், சேமிப்பும் டெக்கா?

அமெரிக்காவில் சான் ஹோசேயிலோ சியாட்டிலிலோ வந்து இறங்கி, வீடு, கார், எஸ்எஸ்என் (அரசு தரும் அடையாள எண்) எல்லாம் ஒரு வழியாக முடிந்த பிறகு நம்மவர்கள் கேட்பது: "பணத்தை எதில் போடுவது?" எல்லோரும் சொல்லும் பதில், "எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு மறந்துவிடு." நல்ல பதில்தான்; அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பங்குகளை ஒட்டுமொத்தமாக வாங்கும் ஃபண்டு அது. ஆனால் ஹெச்1பி வேலை விசாவில் மென்பொருள் வேலைக்கு வந்தவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சந்தை மதிப்பு பெரிதாக உள்ள கம்பெனிக்கு அந்த ஃபண்டில் பெரிய பங்கு. அதனால் நீங்கள் போடும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டெக் துறைக்கே போகிறது. உங்கள் சம்பளம் டெக், ஆர்எஸ்யூ (சம்பளத்தோடு கம்பெனி தரும் அதன் பங்குகள்) டெக், விசாவும் அந்த வேலையை நம்பித்தான். வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் கெடு. 2022-ல் டெக் பங்குகள் மொத்தச் சந்தையைவிட மோசமாக விழுந்தன. அந்த நவம்பரில் மெட்டா மட்டும் 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. சேமிப்பு கரைவதும் வேலை போவதும் ஒரே சமயத்தில் வந்தால் எதை வைத்துச் சமாளிப்பது?

இதற்கென்றே டெக்கை விட்டுவிட்டு மற்ற எஸ் அண்ட் பி கம்பெனிகளை மட்டும் வாங்கும் ஃபண்டு இருக்கிறது. புரோஷேர்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய எஸ்பிஎக்ஸ்டி (SPXT) அது. வங்கி, எரிசக்தி, மருத்துவம் என ஒவ்வொரு துறையை விலக்கியும் அவர்களிடம் தனி ஃபண்டு உண்டு. கட்டணம் 10,000 டாலருக்கு வருடம் சுமார் 9 டாலர். வேன்கார்டின் சாதாரண எஸ் அண்ட் பி ஃபண்டில் 3 டாலர்.

பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா இதில் இல்லை, சரி. ஆனால் கூகுளும் மெட்டாவும் 2018 முதல் 'தகவல் தொடர்பு' துறையில் இருக்கின்றன. அமேசான் 'நுகர்வோர்' கணக்கில் வருகிறது, சோப்பு விற்கிறதே! மூன்றும் இந்த ஃபண்டுக்குள் அப்படியே இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பவற்றின் எடை ஒன்றரை மடங்காகும். ஆக, மைக்ரோசாஃப்டில் வேலை செய்பவருக்கு இது பொருந்தும். கூகுளில் இருப்பவருக்கோ சொந்தக் கம்பெனியின் பங்குதான் கூடுகிறது.

இன்னொன்று: 2023-ல் சந்தையைத் தூக்கி நிறுத்தியதே டெக்தான். அதை விலக்கியவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள். அந்த வயிற்றெரிச்சலைத் தாங்க முடியாதவர் சாதாரண ஃபண்டிலேயே இருக்கலாம்.

பெரும்பாலான 401கே (கம்பெனி வழியாக ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும்) திட்டங்களில் இந்த மாதிரி ஃபண்டு கிடைக்காது. அங்கே நீங்கள் போடுவதற்கு ஏற்பக் கம்பெனி தன் பங்காகத் தரும் மேட்சை முழுதாக வாங்கும் அளவுக்குச் சாதாரண இண்டெக்ஸில் போடுங்கள். துறை விலக்கலை, நீங்களே பங்கு வாங்கி விற்கும் தனி புரோக்கரேஜ் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். "அதற்குப் பதில் ஊரிலேயே மியூச்சுவல் ஃபண்டு வாங்குகிறேன்" என்பவர்கள், வெளிநாட்டு ஃபண்டுகளுக்கான அமெரிக்காவின் பிஃபிக் (PFIC) வரி விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் முதல் வேலை ஆர்எஸ்யூதான். அது கைக்கு வரும் நாளிலேயே சம்பளமாகக் கருதி வரி போட்டுவிடுகிறார்கள். அன்றே விற்றால், விற்றதற்கென்று கூடுதல் வரி அநேகமாக எதுவும் வராது. அதைக் குவித்து வைத்துக்கொண்டு எஸ்பிஎக்ஸ்டி வாங்குவதில் அர்த்தமில்லை. சில கம்பெனிகளில் குறிப்பிட்ட வாரங்களில் மட்டுமே விற்க முடியும். அந்தத் தேதிகளை, வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.