லைகாவின் நாடித்துடிப்பிலிருந்து ஒரு ஆம்பியன்ட் ட்ராக்: செய்முறை

விண்வெளிக்குப் போன விலங்குகளை வைத்து ஆம்பியன்ட் இசை (மெட்டைவிடச் சூழலின் உணர்வை முன்வைக்கும் இசை) செய்யலாம் என்று உட்காருபவர்கள் முதலில் தேடுவது நாய் குரைக்கும் சாம்பிள், அடுத்தது ராக்கெட் கவுண்ட்டவுன். இரண்டும் வேண்டாம். குரைப்பு ஒருமுறை வந்துவிட்டால் காது அதையே எதிர்பார்த்துக் காத்திருக்கும், மற்ற எதுவும் காதில் ஏறாது. நமக்குத் தேவை நாலைந்து எண்கள்தான். அவை விண்வெளிக்குப் போன சோவியத் நாய் லைகாவின் பயணத்திலேயே இருக்கின்றன.

ஒலிப்பதிவு செய்யவும் ட்ராக்குகளை அடுக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

லைகாவை ஏற்றிய ஸ்புட்னிக் 2 விண்கலம் கிளம்பியது 1957 நவம்பர் 3. கிளம்பும் முன் லைகாவின் துடிப்பு நிமிடத்துக்கு 103. ராக்கெட் வேகமெடுத்தபோது அது 240 வரை போனது. எடையற்ற நிலைக்கு வந்த பிறகு இறங்கியது, ஆனால் தரையில் செய்த சோதனைகளில் ஆனதைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது. பூமியை ஒருமுறை சுற்றிவர 103.7 நிமிடம். அதில் டெலிமெட்ரி (ரேடியோ வழியே வரும் கருவி அளவீடுகள்) தரைக்கு அனுப்பப்பட்டது ஒரு சுற்றுக்கு 15 நிமிடம் மட்டுமே. ஐந்திலிருந்து ஏழு மணி நேரத்துக்குள் வெப்பம் தாங்காமல் லைகா இறந்தது. இது வெளியே தெரியவந்தது 2002-இல்தான்.

ஆறு மணி நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குவோம், அதாவது 36-இல் ஒரு பங்கு. ஒரு சுற்று 2 நிமிடம் 53 நொடி ஆகிறது. டெலிமெட்ரி வந்த நேரம் 25 நொடி. பாட்டின் அமைப்பே இதுதான்: டிரோன் (ஒரே சுரத்தில் நீளும் அடிநாதம்) விடாமல் ஓடும், துடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் 25 நொடி மட்டும் கேட்கும், அப்புறம் மறைந்துவிடும். அந்த 25 நொடி வரும் இடங்கள் 0:00, 2:53, 5:46, 8:39.

டிரோன்

ஏதாவது ஒரு உலோகப் பாத்திரத்தைத் தட்டி அதன் ரீங்காரத்தை 5 நொடி பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில், ஒலியை நீட்டும் பால்ஸ்ட்ரெட்ச் எஃபெக்டைத் திறந்து 36.6 மடங்கு இழுங்கள். 183 நொடி கிடைக்கும். சுற்றுக்கு 173 போதுமே என்றால், மீதி 10 நொடி லூப்பின் முனைகளை ஒன்றோடொன்று கலந்து கிராஸ்ஃபேட் செய்ய. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

இந்த வேலைக்கு விலை கொடுத்து சின்த் எதுவும் வாங்காதீர்கள். ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்டுக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ் பிளகின் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கு மேல் வேண்டியதில்லை.

துடிப்பு: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

50 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒரே ஒரு 'டும்' ஆக எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் என்றால் 'லப்-டப்' இருக்க வேண்டாமா என்று தோன்றும். 240 வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 250 மில்லிநொடிதான் இருக்கும். அதற்குள் இரண்டு அடியைத் திணித்தால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். 'டும்' 120 மில்லிநொடிக்குள் அடங்கிவிட வேண்டும். அதற்கு ரிவெர்பும் வேண்டாம்.

வேகத்தை 240-இலிருந்து 103-க்கு இறக்க, டெம்போ என்வலப்பில், அதாவது பாட்டின் வேகத்தைக் காட்டும் வரைபடத்தில், ஒரு சரிவுக்கோடு வரைந்தால் போதும் என்றுதான் நினைப்போம். நானும் அங்கேதான் நின்றுபோனேன். கோடு இறங்க இறங்க, அழகாக இழுத்து வைத்த டிரோனும் சேர்ந்து நீளும், 2:53 என்ற கணக்கே காணாமல் போகும். டெம்போவோடு பூட்டிய டிலே இருந்தால் அதன் எதிரொலி சுருதி பிசகி வழுக்கும். முதல் தடவை கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, நாலாவது தடவை வயிற்றைப் பிரட்டுகிறது.

ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், கோடு வரையும் முன்பே புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை (கிளிப்புகள் தாளத்தோடு நகருமா, நொடிக்கணக்கில் நிற்குமா என்ற அமைப்பை) 'பீட்ஸ்' என்பதிலிருந்து 'டைம்' என்று மாற்றிவிடுங்கள். வரைந்த பிறகு மாற்றினால் நகர்ந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இழுத்து வைக்க வேண்டிவரும். டிலேயை மில்லிநொடியில் வையுங்கள், நோட்டில் வேண்டாம்.

வேறு மென்பொருள் என்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. எனக்கு இப்போது இதுதான் பிடித்த வழியும்கூட. துடிப்பைத் தனி புராஜெக்டில் செய்து, வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, முதன்மை புராஜெக்டில் வெறும் ஒலியாக வைத்துவிடுங்கள். முதல் இடத்தில் 240-இலிருந்து 200 வரை, இரண்டாவதில் 160-இலிருந்து 130 வரை, மூன்றாவதில் 103. நடுவில் உள்ள எண்கள் என் காதுக்குச் சரியாகப் பட்டவை, பதிவேட்டில் உள்ளவை அல்ல. மெதுவாக இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலாவது இடம், 8:39. அங்கே துடிப்பை வைக்காதீர்கள். பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை 300 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் வடிகட்டி, ரேடியோ இரைச்சல் போல 25 நொடி விடுங்கள். முந்தைய மூன்று இடங்களிலும் இதே இரைச்சல் துடிப்புக்கு அடியில் இருக்க வேண்டும். அப்போதுதான் இங்கே என்ன குறைகிறது என்று காதுக்குத் தெரியும்.

ஃபில்டரும் முடிவும்

சோகமான பாட்டு என்றதும் கை தானாக ஃபில்டரை மூடப் போகும். இங்கே திறங்கள். கூண்டுக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. டிரோனின் லோ-பாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை அடக்குவது) 400 ஹெர்ட்ஸில் தொடங்கி பத்து நிமிடத்தில் 3000 வரை போகட்டும். மைனர் கார்டு சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஃபேட்-அவுட் வேண்டாம். ஸ்புட்னிக் 2 அதன்பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது, 1958 ஏப்ரல் 14-இல்தான் வளிமண்டலத்தில் எரிந்தது. எனவே டிரோனைச் சட்டென்று வெட்டுங்கள்.

பின்சேர்க்கை

போனில் கேட்டால் துடிப்பே வரவில்லை என்று பலர் சொன்னார்கள். போன் ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைத் தர முடியாது. அந்த ட்ராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச்சிதைவு) சேர்த்தால் 100, 150 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் அதன் மேல்சுரங்கள் வரும், அதை வைத்துக் காது மீதியை ஊகித்துக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டுவது பயன்படாது, ஹெட்ஃபோனில் கேட்பவர் பாடு திண்டாட்டம் ஆகும். ஏற்றுமதி தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் இருக்கட்டும், குறைந்த பிட்ரேட் எம்பி3 இரைச்சலைக் கரகரவென்று ஆக்கிவிடும்.

இதே முறையில் அடுத்தது எது என்று கேட்டவர்களுக்கு: 1963 அக்டோபர் 18-இல் போன பிரெஞ்சுப் பூனை ஃபெலிசெட்டின் பயணம் சுமார் 13 நிமிடம்தான், சுருக்காமல் அப்படியே செய்யலாம். ஹாம் என்ற சிம்பன்சி 1961 ஜனவரி 31-இல் பறந்தது 16 நிமிடத்துக்குச் சற்று மேல். நீல விளக்கு மின்னினால் ஐந்து நொடிக்குள் நெம்புகோலை அழுத்த வேண்டும் என்பது அதற்குக் கொடுத்த வேலை. ஒரு சுரம் விளக்கு, ஒரு சுரம் நெம்புகோல், நடுவே உள்ள இடைவெளியை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். டெம்போ என்வலப் தேவையே இல்லை.