புயல் எங்க போகும், எவ்வளவு பலமாகும்: கணிக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

கடல்ல தாழ்வுப் பகுதி ஒண்ணு உருவாகப் போகுதுன்னு தெரிஞ்சாப் போதும், வானிலையைக் கணிக்கிற ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மாடலோட ஒரே ஒரு ரன்னை, அதாவது ஒரு தடவ ஓட்டின முடிவை எடுத்து, பத்து நாள் கழிச்சு இந்த ஊர்லதான் கரையைக் கடக்கும்னு மேப்போட பரப்பி விட்டுடுறாங்க. தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க. மையமே இன்னும் உருவாகாதப்போ புயல் எங்கிருந்து கிளம்பும்னே மாடலுக்குத் தெரியாது, கிளம்புற இடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனாலே போய்ச் சேர்ற இடம் மொத்தமா மாறிடும்.

அதனாலதான் என்செம்பிள், அதாவது ஒரே மாடலைப் பல தடவ ஓட்டின முடிவுகளோட தொகுப்பைப் பாக்கணும். ஐரோப்பிய வானிலை மையத்தோட மாடல்ல தொடக்க நிலையை லேசா லேசா மாத்தி 50 தடவ ஓட்டுவாங்க, அதுல வர்ற புயல் பாதைக் கோடுகள் ஒட்டி வந்தா நம்பிக்கை ஜாஸ்தி, விரிஞ்சு கிடந்தா கம்மி. இதுலயும் சராசரி எடுத்து நடுவுல ஒரு கோடு போட்டுடுறவங்க இருக்காங்க. பாதி கோடு இடதுபக்கம் திரும்புது, பாதி வலதுபக்கம் திரும்புதுன்னா நடுவுல போற புயலே கிடையாது, அப்போ ரெண்டு வாய்ப்பு இருக்குன்னுதான் சொல்லணும்.

அடுத்தது, புயலோட மையம் போகக்கூடிய பகுதின்னு மேப்ல வரையுற அந்தக் கூம்பு. அமெரிக்க ஹரிகேன் மையம் முந்தைய 5 வருஷக் கணிப்புப் பிழைகளை வச்சுத்தான் அதை வரையுது, புயலோட மையம் மூணுல ரெண்டு தடவ அதுக்குள்ள இருக்கும், அவ்வளவுதான். மழை, காத்து, அலை எல்லாம் கூம்புக்கு வெளியவும் ரொம்ப தூரம் போகும். 2004ல சார்லி புயல் வந்தப்போ நிறைய பேர் ஃப்ளோரிடாவுல டாம்பாவுக்குப் போற நடுக்கோட்டை மட்டும் பாத்துட்டு இருந்தாங்க, அது முன்னாடியே திரும்பி தெற்குல புன்டா கோர்டா பக்கம் அடிச்சது. கரையை ஒட்டி சாய்வா வர்ற புயல் கொஞ்சம் திரும்பினாலே கரை தொடுற இடம் வெகுதூரம் மாறும்.

பலத்தைக் கணிக்கிறதுதான் உண்மையிலயே கஷ்டம். பாதையைத் தீர்மானிக்கிறது சுத்தி இருக்கிற பெரிய அளவுக் காத்தோட்டம், அதை மாடல் ஓரளவு நல்லாவே பிடிச்சிடும். பலம் அப்படி இல்ல, மையத்தைச் சுத்தி சில பத்து கிலோமீட்டருக்குள்ள நடக்கிறதை நம்பி இருக்கு. கடல்மேல் வெப்பம் 26.5 டிகிரிக்கு மேல இருக்கு, அதனால பலமாகும்னு சொல்றது பாதிதான் சரி, வெதுவெதுப்பு எவ்வளவு ஆழத்துக்கு இருக்குன்னு பாக்கணும், மேலாப்ல மட்டும் சூடா இருந்தா மெதுவா நகர்ற புயல் அடியில இருக்கிற குளிர்ந்த தண்ணியை தானே கலக்கி மேல கொண்டுவந்து தன் பலத்தை இழந்துடும். மேலயும் கீழயும் காத்து வேற வேற வேகத்துல, வேற வேற திசையில வீசினா, அதாவது ஷியர் இருந்தா, சூடான கடல் மேலயே புயல் கலைஞ்சுபோகும். பக்கத்துல காஞ்ச காத்து இருக்கான்னும் பாக்கணும்.

ஷியர் குறைஞ்சு எல்லாம் சாதகமா அமைஞ்சா 24 மணி நேரத்துல காத்தோட வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரோ அதுக்கு மேலயோ கூடலாம், வேகமா தீவிரமாகுறதுன்னு இதைத்தான் சொல்றாங்க. 2023 அக்டோபர்ல ஓட்டிஸ் ஒரே நாள்ல சாதாரண புயல்ல இருந்து கேட்டகரி 5 (காத்து வேகத்தை வச்சு 1ல இருந்து 5 வரை போடுற அமெரிக்க அளவுல உச்சம்) ஆகி மெக்சிகோவோட அகாபுல்கோ பக்கம் கரையைக் கடந்தது, முந்தின நாள் மாடல்கள் இதை அறவே பிடிக்கல. அதனால கரைக்குப் பக்கத்துல இருக்கிற புயலுக்கு ஒரே ஒரு வேகத்தைச் சொல்லி நிறுத்திடாதீங்க, இதைவிட மோசமாகுற வாய்ப்பு எவ்வளவுன்னும் சேத்துச் சொல்லுங்க.

பலமான புயல்ல கண் சுவர் மாறும்போது, அதாவது மையத்தைச் சுத்தி இருக்கிற மேக வளையத்தோட இடத்தை வெளியில உருவான புது வளையம் பிடிக்கும்போது, காத்து வேகம் கொஞ்ச நேரம் குறையும், உடனே வலுவிழந்துடுச்சுன்னு அறிவிச்சிடக் கூடாது, பல நேரம் அப்போதான் காத்து வீசுற பரப்பு விரியுது, பிறகு மறுபடியும் பலமாகவும் செய்யலாம்.

வேகங்களை ஒப்பிடும்போதும் கவனம் வேணும். காத்து வேகத்தை எவ்வளவு நேரத்துச் சராசரியா எடுக்கிறாங்கன்றது மாறும்: அமெரிக்காவுல 1 நிமிஷ சராசரி, இந்திய வானிலைத் துறை 3 நிமிஷம், இன்னும் பல நாடுகள்ல 10 நிமிஷம். ஒரே புயலுக்கு 1 நிமிஷக் கணக்குல எண் பெருசா வரும், அதைப் பாத்துட்டு புயல் திடீர்னு பலமாயிடுச்சுன்னு சொல்றது தப்பு.

கேட்டகரி காத்தை மட்டும்தான் அளக்குது, தண்ணியை இல்ல. 2005ல கத்ரீனா கேட்டகரி 3ஆ குறைஞ்சுதான் கரையைக் கடந்தது, ஆனா அதுக்கு முன்னாடி கடல்ல கேட்டகரி 5ஆ இருந்தப்போ தள்ளின தண்ணி குறையல, மிசிசிப்பி கரையில 8 மீட்டருக்கு மேல ஏறுச்சு. 2017ல ஹார்வி காத்தெல்லாம் அடங்கின பிறகு டெக்சாஸ் பக்கமே நகராம நின்னு சில இடங்கள்ல 1500 மில்லிமீட்டருக்கு மேல மழையைக் கொட்டுச்சு.