பதற்றப்படும் பதின்ம வயதினருக்கு உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடற்பயிற்சி பயத்தையும் பதற்றத்தையும் தணிக்க உதவும் என்று தெரிந்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் புதிதாகப் பலர் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. சரியான காலணி, வார்ம் அப் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நெஞ்சு படபடத்ததும் உட்காரவைப்பது

பதற்றம் அதிகமுள்ள பிள்ளை ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் மாறும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "சார், என்னமோ பண்ணுது" என்று சொல்லும். பயிற்சியாளர் பதறிப்போய், "போதும், ஓரமா உட்காரு, தண்ணி குடி" என்பார். பார்ப்பதற்கு அக்கறையாகத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதலான அக்கறை வேறில்லை.

ஓடும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. பயந்தாலும் உடம்பில் இதேதான் நடக்கிறது. இரண்டு நேரத்திலும் அட்ரினலின் சுரக்கிறது. சில பிள்ளைகள் இந்த உணர்வுகளையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். பயம் வந்துவிடுமோ என்பதே அவர்களுக்குப் பெரிய பயம். உளவியலாளர்கள் 1980-களிலிருந்து இதைத் தனியாகவே ஆராய்ந்துவருகிறார்கள். படபடப்பின் உச்சத்தில் உட்காரவைத்தால் அது அடங்கும்தான். ஆனால் "ஆபத்து வந்தது, உட்கார்ந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை பதிந்துகொள்ளும். அப்புறம் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலே பயம் தொற்றிக்கொள்ளும்.

நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்து நகர்ந்துகொண்டே இருந்தால் பிள்ளை வேறொன்றைக் கற்றுக்கொள்கிறது: இதயம் வேகமாக அடித்தது, எதுவும் ஆகவில்லை, தானாகவே தணிந்தது. திடீர்ப் பீதிக்கான சிகிச்சையிலும் இந்த முறை உண்டு. நின்ற இடத்திலேயே ஓடவைத்தும் நாற்காலியில் சுழலவைத்தும் அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை தீங்கற்றவை என்று பழக்குவார்கள்.

பதின்ம வயதில் இது இன்னும் முக்கியம். மூளையில் ஆபத்தை உணர்ந்து மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அந்த வயதில் விழிப்பாகவே இருக்கிறது. அதைக் கட்டுக்குள் வைக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். எலிகளிடமும் மனிதர்களிடமும் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒருமுறை மனதில் பதிந்துவிட்ட பயம் தணிவது, குழந்தைகளையும் பெரியவர்களையும்விடப் பதின்ம வயதினரிடம் கடினமாக இருப்பதைக் காட்டியது. அதனால் இந்த வயதில் தப்பாகப் பதிந்த பாடத்தை மாற்றக் காலம் பிடிக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணை, அதற்கு முன் பயிற்சி பெற்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஓரமாக உட்காரவைத்திருக்கிறார்கள். மருத்துவர் இதயத்தைச் சோதித்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அவளால் நம்ப முடியவில்லை. முதலில் வேக நடை மட்டும் கொடுத்தேன். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து அவளையே எண்ணச் சொன்னேன். நடை கூடும்போது துடிப்பு ஏறுவதையும் குறையும்போது இறங்குவதையும் தன் விரலாலேயே உணர்ந்தாள். அதன் பிறகுதான் ஓட்டம். அவளால் முன்பே ஓடியிருக்க முடியும். அந்தக் காலமெல்லாம் வீணாகப் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, "படபடக்குதா? சரி, நிற்காதே, மெதுவா நட. என்னோடு பேசிக்கொண்டே வா" என்று சொல்லுங்கள். பேச முடிகிற வேகத்துக்கு வந்ததும் மீண்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பிள்ளையின் சம்மதத்தோடுதான், கட்டாயப்படுத்தி அல்ல.

ஒரு எல்லை உண்டு. நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு, மூச்சில் விசில் சத்தம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் காட்டாமல் மறுபடி தொடங்கக் கூடாது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தண்டனையாக ஓடவிடுவது

ஒருபோதும் செய்யாதீர்கள்.

முதல் நாளே எல்லோர் முன்னாலும் நிறுத்துவது

மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதே சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத விஷயம். அணி பிரித்து, கடைசியில் மிஞ்சுகிறவராக அவர்களை நிற்கவைத்தால் அடுத்த நாள் வரமாட்டார்கள். நீச்சலோ சைக்கிளோ நடனமோ, எது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பழகிய ஓரிருவரோடு தொடங்கினால் போதும்.

60 நிமிடத்தை நிபந்தனையாக்குவது

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பையும், வாரத்தில் 3 நாளாவது தீவிரப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. 2016-ம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 11–17 வயதினரில் ஐந்தில் நான்கு பேர் இந்த அளவை எட்டவில்லை. அதைத் தொடக்கக் கோடாக வைத்தால் பதற்றப்படும் பிள்ளை முதல் வாரத்திலேயே தோற்றதாக நினைத்துக்கொள்ளும். கொஞ்சம் செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்று அதே பரிந்துரை சொல்வதை யாரும் படிப்பதில்லை. பத்து நிமிட நடையில் தொடங்குங்கள்.

தூக்கத்தைப் பிடுங்கிப் பயிற்சி கொடுப்பது

13–18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பதற்றம் கூடும். நள்ளிரவில் படுக்கும் பிள்ளையை விடியுமுன் எழுப்பாதீர்கள்.

எனர்ஜி டிரிங்க்

காஃபின் படபடப்பைக் கிளப்பும். வேண்டாம்.

சிகிச்சையை நிறுத்திவிடுவது

"ஓடினால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஆலோசகரிடம் போவதை நிறுத்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணையாக வரலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. பள்ளிக்கே போக மறுப்பது, அடிக்கடி பீதி வருவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எல்லாம் மனநல மருத்துவர் பார்க்க வேண்டியவை. இன்னொரு பக்கமும் உண்டு: ஒரு நாள் பயிற்சி தவறினால் துடித்துப்போவது, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடுவது, காயத்தோடும் நிறுத்த மறுப்பது. இதைப் பார்த்து "நல்ல ஒழுக்கம்" என்று பாராட்டாதீர்கள். அன்றைக்கே வீட்டில் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள்.