சிபாப் பேட்டரி: வாரண்டி வராதுன்னாங்க, வாங்கிட்டேன்

அப்பாவுக்கு தூக்கத்துல மூச்சு நிக்கிற பிரச்சனை, ராத்திரி கரண்ட் போனா, மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பற சிபாப் மெஷினும் நின்னு மாஸ்க்குக்குள்ள மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காந்துருவாரு, அதான் லித்தியம் பேட்டரி ஒண்ணு வாங்கினேன். ஏழே மாசத்துல மூணு மணி நேரம்கூட தாங்கல. கம்பெனில கேட்டா, ஹியூமிடிஃபையர் (காத்த ஈரமாக்கற பாகம்) போட்டு ஓட்டிருக்கீங்க, வாரண்டி வராதுங்கறாங்க. தண்ணிய சூடாக்கறதால அது கரண்ட நிறைய குடிக்கும், நெசந்தான், ஆனா நாங்க அதை ஆஃப்லயே வெச்சிருந்தோம்! ஃபுல் சார்ஜ்ல ஒண்ணு, அணையறப்ப ஒண்ணுன்னு சுவத்துக் கடிகாரமும் மெஷின் ஸ்கிரீனும் தெரியற மாதிரி வீடியோ எடுத்து, பில்லோட மெயில் போட்டேன். பதிலே இல்ல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்ச புகார் நம்பரை அனுப்புனப்புறம் பத்து நாள்ல புதுசு வந்துச்சு. இந்த தடவ வாட் ஹவரும் (எவ்ளோ கரண்ட் தேக்கி வெக்கும்ங்கற அளவு), எங்க மெஷினுக்கு ஏத்த 24 வோல்ட்டாங்கறதும் பாத்துதான் வாங்கிக்கிட்டேன். அட்டைப்பெட்டிய அம்மா எடைக்குப் போட விடல.