உலோகப் போர்பிரின் டிஎன்ஏவை வெட்டுகிறதா? பிளாஸ்மிட் ஜெல்லில் சோதிக்கும் முறை

போர்பிரின் என்பது ஒளியை உறிஞ்சும், நடுவில் உலோகத்தை ஏற்கும் வளைய மூலக்கூறு. ஒளி பட்டால் அது டிஎன்ஏவை வெட்டக்கூடும். அதைச் சோதிக்கப் பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் சிறு வட்ட டிஎன்ஏ) உதவும். பிஆர்322 போன்ற பிளாஸ்மிட்டுக்கு (4361 கார இணை) மின்புலத்தில் டிஎன்ஏ ஓடும் ஜெல்லில் மூன்று நிலைகள் உண்டு. முறுக்கு குலையாத வடிவம் 1 வேகமாக ஓடும். ஓர் இழை அறுந்து தளர்ந்த வடிவம் 2 பின்தங்கும். இரு இழையும் எதிரெதிரே அறுந்து நீண்ட வடிவம் 3 இடையில் நிற்கும். தொடங்கும்போது 90 சதவீதமாவது வடிவம் 1 இருக்கும் பிளாஸ்மிட்டையே எடுங்கள். பழைய, பலமுறை உறைந்து உருகிய மாதிரியில் வெட்டு ஏற்கெனவே இருக்கும்.

முதலில் போர்பிரின் கரைசல். ருத்தேனியம் பைபிரிடின் அலகுகளைப் பிரிடில் போர்பிரினின் விளிம்பில் கோத்த சேர்மங்கள் பெரும்பாலும் ஹெக்ஸாஃப்ளுரோபாஸ்பேட் உப்பாகவே கிடைக்கும். அவை நீரில் கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற கரிமக் கரைப்பானில் கரைத்துச் சமாளிப்பது எளிது, ஆனால் டிஎன்ஏவை வெட்டக்கூடிய ஹைட்ராக்சில் ரேடிக்கலை டிஎம்எஸ்ஓ விழுங்கும். குளோரைடு உப்பாக மாற்றி நீரில் கரைப்பதே சரி. செறிவை எடையால் அல்ல, 420 நானோமீட்டரை ஒட்டிய சோரே பட்டையால் (போர்பிரின் ஒளியை மிக வலுவாக உறிஞ்சும் இடம்) அளவிடுங்கள். எடுத்துக்காட்டாக, டெட்ராகிஸ் மெத்தில்பிரிடினியம் போர்பிரினுக்கு 422 நானோமீட்டரில் உட்கவர் கெழு சுமார் 2,26,000. ஆகவே 1 செமீ கலத்தில் உட்கவர் அளவு 0.45 வந்தால் 2 மைக்ரோமோலார். நேர்மின் போர்பிரின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் குழாயில் வையுங்கள்.

20 மைக்ரோலிட்டர் வினைக்கு: 100 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் (பிஎச் 7.4) 2 மைக்ரோலிட்டர்; 1 மோலார் உப்பு 1 மைக்ரோலிட்டர்; 100 நானோகிராம்/மைக்ரோலிட்டர் பிளாஸ்மிட் 2 மைக்ரோலிட்டர்; 20 மைக்ரோமோலார் போர்பிரின் 1 முதல் 5 மைக்ரோலிட்டர்; மீதி நீர். டிரிஸ் பஃபர் வேண்டாம், அதுவும் ரேடிக்கலைப் பிடிக்கும். இந்த அளவில் டிஎன்ஏ சுமார் 15 மைக்ரோமோலார் கார இணை. போர்பிரின் 5 மைக்ரோமோலாரைத் தாண்டினால் டிஎன்ஏ திரண்டு குழியிலேயே நின்றுவிடும். வெட்டு என்று பலர் குறித்துவைப்பது இந்தத் திரட்சியைத்தான்.

அறை வெப்பநிலையில், இருட்டில் 10 நிமிடம் வைத்த பின் 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வழியே 0, 5, 15, 30, 60 நிமிடம் ஒளிபாய்ச்சுங்கள். குழாயைப் பனிக்கட்டியில் வைத்தால் விளக்கின் சூடு கணக்கில் வராது. பின் லோடிங் சாயத்தில் 0.5 சதவீதம் எஸ்டிஎஸ் (ஒரு சோப்புப் பொருள்) சேருங்கள். ஒட்டியிருக்கும் போர்பிரின் கழன்றுவிடும். 1 சதவீத அகரோஸில் செமீக்கு 5 வோல்ட் போதும். டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் எத்திடியம் புரோமைடு சாயத்தை ஓட்டத்துக்குப் பிறகே போடுங்கள்: முன்னரே கலந்தால் அதுவே முறுக்கைக் குலைத்துப் பட்டையின் இடத்தை மாற்றும்.

கட்டுப்பாட்டு வரிசைகளைக் குறைக்கவே கூடாது: டிஎன்ஏ மட்டும் இருட்டில், டிஎன்ஏ மட்டும் ஒளியில், டிஎன்ஏவும் போர்பிரினும் இருட்டில். மூன்றாவதில் வெட்டு தெரிந்தால் அது ஒளிவினை அல்ல. இரும்பும் மாங்கனீசும் கொண்ட போர்பிரின்கள் ஆக்சிஜனேற்றி உதவியுடன் இருளிலும் வெட்டும். துத்தநாகம், பலேடியம் கொண்டவை ஒளியில் ஒற்றை ஆக்சிஜனை (ஆற்றல் கூடிய, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன்) நன்றாக உண்டாக்கும். தாமிரமும் நிக்கலும் தூண்டப்பட்ட நிலையை விரைவில் அணைத்துவிடும். ஆகவே தாமிரச் சேர்மத்தில் வெட்டு குறைந்தால் அதைப் பிணைப்புக் கோளாறாகப் படிக்க வேண்டாம்.

காரணம் அறிய, ஒரு வரிசையில் ஒற்றை ஆக்சிஜனை அணைக்கும் சோடியம் அசைடு 10 மில்லிமோலார். பக்கத்து வரிசையில் அதே அளவு கூடுதல் உப்பு. உப்பும் போர்பிரினைப் பெயர்ப்பதால் இந்த இணைவரிசை இல்லாத அசைடு முடிவுக்கு மதிப்பில்லை. அசைடை அமிலத்தில் கொட்டாதீர்கள், நச்சு வாயு எழும். நீருக்குப் பதில் கனநீரில் ஓட்டி வெட்டு கூடினால் ஒற்றை ஆக்சிஜன் என்ற முடிவு வலுவாகும். ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கும் மேனிட்டால் சேர்த்ததும் வெட்டு தணிந்தால் அந்த ரேடிக்கலைச் சந்தேகியுங்கள்.

பட்டைகளை அளக்கும்போது வடிவம் 1 சாயத்தைக் குறைவாக ஏற்பதால் அதன் ஒளிர்வை ஏறத்தாழ 1.4ஆல் பெருக்குவது வழக்கம். உங்கள் ஜெல்லிலேயே அளந்து பெற்ற எண் இன்னும் நல்லது. வடிவம் 1 ஏராளமாக இருக்கும்போதே வடிவம் 3 தோன்றினால் இரட்டை இழையும் ஒரே நிகழ்வில் அறுகிறது. வடிவம் 1 தீர்ந்த பின்னரே தோன்றினால் ஒற்றை வெட்டுகள் பெருகி எதிரெதிரே அமைந்தவைதான்.