தஹஜ்ஜுதுக்கு எழுந்து சுபுஹில் தூங்குகிறவர்கள்

ரமளான் முடிந்த கையோடு கோவை, திருப்பூர், ஈரோடு பள்ளிவாசல்களில் முதல் ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நாலைந்து புதுமுகங்கள் தென்படும். ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். ஈமானை (இறைநம்பிக்கையை) கெட்டிப்படுத்த வேண்டும், அல்லாஹ்வை நெருங்க வேண்டும் என்ற ஆசை முகத்திலேயே எழுதியிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அதில் பலரைக் காணோம். என்ன ஆச்சு என்று விசாரித்தால், பழைய ஆட்கள் விழுந்து எழுந்த அதே குழிதான்.

பொய் சொல்லாதே, வட்டி வாங்காதே, தொழுகையை விடாதே என்பதெல்லாம் சிறுவயதில் மக்தபில் (ஓதும் பள்ளியில்) படித்த பாடம். அது இங்கே வேண்டாம். நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

## தமிழ் எழுத்தில் ஓதுவது

குர்ஆனின் யாஸீன், முல்க் சூராக்களைத் (அத்தியாயங்களைத்) தமிழ் எழுத்தில் அச்சடித்த சிறு புத்தகங்கள் பல வீடுகளில் உண்டு. மனப்பாடத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஆகாது. அரபியில் ‘காஃப்’ எழுத்து இரண்டு. தொண்டைப் பக்கம் அழுத்தி வரும் காஃபில் ‘கல்ப்’ என்றால் உள்ளம். மெல்லிய காஃபில் ‘கல்ப்’ என்றால் நாய். தமிழில் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். ஸீன், ஸாத் வித்தியாசமும் அப்படியே காணாமல் போய்விடும்.

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு, ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் தினம் 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும். எழுத்து, மக்ரஜ் (எழுத்து ஒலி பிறக்கும் இடம்), பிறகு எழுத்துக்கூட்டல். ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது நாற்பது வயதுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

## நஃபிலைப் பிடித்து ஃபர்ளை விடுவது

நஃபில் என்றால் விரும்பித் தொழுவது, ஃபர்ளு என்றால் கட்டாயக் கடமை. எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சல் வருவதும் இதில்தான்.

ஒரு நல்ல பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்ட இரவே போனில் பட்டியல் ஏறிவிடும்: மூன்று மணிக்கு எழுந்து 8 ரக்அத் (தொழுகைச் சுற்று) தஹஜ்ஜுத் எனும் பின்னிரவு நஃபில், தினம் குர்ஆனில் ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பங்கு), முற்பகல் லுஹா தொழுகை, திங்கள் வியாழன் நோன்பு, ஆயிரம் ஸலவாத் (நபி மீதான வாழ்த்து). எல்லாம் நாளைக்கே. திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர் ஒருவர் காலை 8.30-க்கு மிஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு 8.30. குளியல், இஷா, சாப்பாடு, கொஞ்ச நேரம் போன் என்று படுக்க 11.30 ஆகிறது. மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார், அதில் குறையில்லை. நாலு மணிக்குத் தொழுது முடித்து, “பாங்குக்கு இன்னும் நேரமிருக்கே” என்று முசல்லாவிலேயே (தொழுகை விரிப்பிலேயே) சாய்கிறார். கண் திறக்கும்போது வாசலில் வெயில்.

கேட்டால், “எந்திரிச்சேனுங்க ஹஜ்ரத், மூணு மணிக்கே எந்திரிச்சேன். தொழுதுட்டு அப்படியே கண்ணசந்துட்டேனுங்க” என்பார். குரலில் வருத்தத்தைவிடப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சுற்றியிருப்பவர்களும் “தம்பி தஹஜ்ஜுத் விடறதில்லை” என்று மெச்சுவார்கள். விடியற்காலை ஃபர்ளான சுபுஹு போனதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) காலத்திலும் இது நடந்திருக்கிறது. இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. சுலைமான் இப்னு அபீ ஹஸ்மாவை ஒருநாள் சுபுஹில் காணவில்லை. காலையில் கடைவீதிக்குப் போகும் வழியில், அவருடைய தாயார் ஷிஃபாவிடம் உமர் (ரலி) விசாரித்தார்கள். இரவெல்லாம் தொழுதுகொண்டிருந்தான், கண்ணயர்ந்துவிட்டான் என்றார் தாய். இரவு முழுக்க நின்று தொழுவதைவிட சுபுஹு ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) கலந்துகொள்வதே எனக்கு விருப்பம் என்று சொன்னார்கள் உமர் (ரலி).

நஃபில் போனால் குற்றமில்லை. ஃபர்ளு போனால் கடன். ஆனால் தஹஜ்ஜுதில் கிடைக்கும் இனிப்பு அந்தக் கடனை மறைத்துவிடுகிறது. மூன்றாவது வாரம் உடம்பு மறுக்கும்போது தஹஜ்ஜுதும் நிற்கும். அதற்குள் சுபுஹை விட்டுப் பழகியிருப்பார். மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிறு, நபியின் மனைவி ஸைனப் (ரலி) தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்வதற்கு என்று தெரிந்ததும் நபி (ஸல்) அதை அவிழ்க்கச் சொன்னார்கள். தெம்பு இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள்.

சரியான வரிசை இது. முதல் ஆறு வாரம் ஐந்து வக்துத் தொழுகை, உரிய நேரத்தில், சுபுஹு ஜமாஅத்தோடு. இதைத் தவிர பெரிதாக எதையும் கூட்ட வேண்டாம். இரவு 10-க்குப் படுத்துவிட வேண்டும். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். இரவின் கடைசிப் பகுதியில் எழுவது உறுதியில்லை என்றால் வித்ரை (இரவை முடிக்கும் ஒற்றைப்படைத் தொழுகையை) தூங்குமுன்பே தொழுதுவிடச் சொல்லி ஹதீஸ் இருக்கிறது. அதற்கு முன் 2 ரக்அத் நஃபில் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு வாரத்தில் ஒரு சுபுஹும் போகவில்லையா? அலாரத்தை பாங்குக்கு 20 நிமிடம் முன்னால் நகர்த்தி 2 ரக்அத் தொழுங்கள். அதுவும் தஹஜ்ஜுத்தான். தொழுதபின் சாயாமல் நேரே பள்ளிக்கு நடக்க வேண்டும்.

அலாரத்தில் இன்னொரு கோளாறு. கோவையில் சூரியன் ஜனவரிக் கடைசியில் 6.45 வாக்கில் உதிக்கிறது, ஜூனில் 6 மணிக்கே. வருடம் முழுக்க 5.30 என்று வைத்தவருக்கு ஜூனில் ஜமாஅத் முடிந்திருக்கும். பள்ளியின் நேரப் பலகையைப் பார்த்து 15 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதையும் மீறித் தூங்கிவிட்டால், விழித்தவுடன் தொழ வேண்டியது. நண்பகல் லுஹரோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

## தஹஜ்ஜுத் ஸ்டேட்டஸ்

போடாதீர்கள்.

## கோழி கொத்துவது

ருகூவிலிருந்து (குனிந்த நிலை) முழுதாக நிமிராமலே ஸுஜூதுக்கு (நெற்றியை நிலத்தில் வைப்பது) போவது, இரண்டு ஸுஜூதுக்கு நடுவே முதுகு நேராகாமல் மறுபடி குனிவது. இப்படித் தொழுத ஒருவரை “திரும்பப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை” என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். உறுப்புகள் அந்தந்த நிலையில் அடங்கிய பிறகுதான் அடுத்த அசைவு.

## தொழாத வருடங்களை மறந்துவிடுவது

கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு (சட்ட மரபு) வழக்கம். அதன்படி, பருவ வயதிலிருந்து விட்ட ஃபர்ளுகளைக் களாச் செய்ய (பிறகு தொழுது ஈடுகட்ட) வேண்டும். ஒரு நாளுக்கு ஃபர்ளு 17 ரக்அத், வித்ரு 3, ஆக 20. சுன்னத்துகளுக்கு (நபிவழிக் கூடுதல் தொழுகைகளுக்கு) களா கிடையாது. ஒவ்வொரு வக்தோடும் பழைய வக்து ஒன்றைச் சேர்த்துத் தொழுதால், எட்டு வருடப் பாக்கி எட்டு வருடத்தில் தீரும். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மனக்கணக்கு நிற்காது.

## மாதவிடாய் நாட்களில் எல்லாவற்றையும் மூடிவைப்பது

தொழுகையும் நோன்பும் இல்லை. திக்ரு (இறைநினைவு), துஆ (பிரார்த்தனை), ஸலவாத்துக்குத் தடையே இல்லை. விட்ட நோன்பை மட்டும் பிறகு நோற்க வேண்டும், தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை.

## பங்கு கொடுக்காமல் உம்ரா

அத்தா (அப்பா) மவுத்தாகி, அதாவது இறந்து, பத்து வருடம் ஆகியிருக்கும். வீடு மகன் பெயரில். இரண்டாவது உம்ராவுக்கு (மக்கா யாத்திரைக்கு) டிக்கெட் போட்டாயிற்று. சகோதரிகளின் பங்கைப் பற்றிக் கேட்டால், “அக்காங்க கேக்கலைங்களே” என்று பதில் வருகிறது. கேட்டால்தான் கொடுப்பது என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் இல்லை. கடன், வஸிய்யத் (மரண சாசனம்) போக மிச்சம் 40 லட்சம். இறந்தவரின் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35-இல் மகனுக்கு 17.5, மகள்களுக்குத் தலைக்கு 8.75 லட்சம். சீர் செய்தது, கல்யாணச் செலவு செய்தது இதில் கழியாது. அக்கா மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு விஷயம். அதற்கு முதலில் தொகை எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.