அமில மழையும் பாசிப்பயறும்: தண்ணீரில் தொடங்க வேண்டிய சோதனை

அமில மழை போன்ற நீரை ஊற்றிச் செடி எப்படி வளர்கிறது என்று பார்க்கும் சோதனையைச் செய்யும் மாணவர்களில் பலர் நோட்டில் எழுதும் முடிவு, "எல்லாத் தொட்டியிலும் செடி ஒரே மாதிரி வளர்ந்தது" என்பதுதான். பெரும்பாலும் தப்பு செடியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. சேலத்துப் போர் தண்ணீரில் அமிலத்தைக் கலந்தால், அது வேருக்குப் போய்ச் சேருமுன் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் என்ற கார உப்பு அதைத் தின்று தீர்த்துவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். காரத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவே அதுதான். அதில் ஒரு லிட்டரின் காரத்தை முறிக்க 0.1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) கந்தக அமிலம் 40 மி.லி. வேண்டும். நாம் இந்தச் சோதனையில் ஊற்றப்போவது 10 மி.லி.தான். ஆகவே குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். 5 லிட்டர் கேன் மூன்று போதும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும் என்பதால் லேபிளைப் படித்துவிட்டுத் திறங்கள். அந்த ஆசிட்டை இந்தச் சோதனைக்கு எந்த வகையிலும் தொடக்கூடாது.

கரைசல் தயாரிப்பு

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 0.1 நார்மல் கந்தக அமிலம் இருக்கும். இதை ஆசிரியர் எடுத்துத் தரட்டும், நீங்கள் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் அமிலம். இந்த வரிசை மாறவே கூடாது.

முக்கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 10 மி.லி. அமிலத்தைப் பிப்பெட்டால் விட்டு, ஒரு லிட்டராக நிரப்பினால் பிஎச் 3 கரைசல் கிடைக்கும் (பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அதிலிருந்து 100 மி.லி. எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் பிஎச் 4. அதிலிருந்து 100 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் பிஎச் 5. ஒவ்வொரு படிக்கும் அமிலம் பத்தில் ஒரு பங்காகிறது. நான்காவது குப்பியில் வெறும் டிஸ்டில்டு வாட்டர். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதுவே 5.6 அளவில் நிற்கும். கலப்படமில்லாத மழைநீரும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நீர் இல்லை.

பிஎச் 3 என்பது வழக்கமாகப் பதிவாகும் அமில மழையைவிட மிகக் கடுமையானது. அமில மழை பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில்தான் இருக்கும். 3 வைப்பது விளைவைக் குறுகிய நாளில் காண்பதற்காக. இதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

வினிகர் போட்டுச் செய்யலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 4 சதவீத வினிகர் 1 மி.லி.யை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் பிஎச் 4 வரும், அதுவரை சரி. ஆனால் பிஎச் 3க்குக் கொண்டுவர ஏறக்குறைய 87 மி.லி. வேண்டும், ஏனெனில் வினிகர் மென்மையான அமிலம். அவ்வளவு அசிட்டிக் அமிலம் தானே விதையைக் கொல்லும். அப்போது நீங்கள் பார்ப்பது அமில மழையின் விளைவு இல்லை, வினிகரின் விளைவு. வினிகர் மட்டும்தான் கிடைக்கும் என்றால் பிஎச் 4 கரைசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிஎச் தாள் இவ்வளவு நீர்த்த கரைசலில் மெதுவாக நிறம் மாறும், அரைப் படி வித்தியாசத்தைக் காட்டாது. பேனா வடிவ மீட்டர் இருந்தால் 4.01, 6.86 பஃபர் பொடிகளில் (கரைத்தால் அந்தந்த பிஎச்சைத் தருபவை) சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். டி.டி.எஸ். மீட்டரும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அது உப்பை அளப்பது, பிஎச் காட்டாது.

முளைப்புத் தட்டுகள்

பாசிப்பயறு 50 கிராம் வாங்கித் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். ஒரே அளவான 240 விதைகளைப் பொறுக்குங்கள். ஒரு கரைசலுக்கு 3 தட்டு, ஒரு தட்டில் 20 விதை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா நல்லது. அலுமினியத் தட்டு வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். அடியில் ஆய்வக வடிதாள் விரியுங்கள். செய்தித்தாளோ டிஷ்யூவோ போட்டால் அதில் சுண்ணாம்பு நிரப்பி இருக்கக்கூடும், அதுவும் அமிலத்தைத் தின்னும்.

தட்டுக்கு 8 மி.லி. ஊற்றுங்கள். மறுநாள் மிச்சத்தை வடித்துவிட்டுப் புதிதாக 8 மி.லி. விடுங்கள். விதையிலிருந்து கசியும் உப்புகள் கரைசலின் பிஎச்சை ஏற்றிவிடும் என்பதால், மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் மூன்றாம் நாளில் பிஎச் 4 தட்டு 4 ஆக இருக்காது.

வேர்முனை 2 மி.மீ. வெளியே வந்தால் முளைத்தது என்று எண்ணுங்கள். 24, 48, 72 மணி நேரத்தில் எண்ணிக்கை. ஐந்தாம் நாள் ஒவ்வொரு வேரையும் நூல் வைத்து அளந்து, நூலை ஸ்கேலில் பிடியுங்கள். முளைப்புச் சதவீதத்தைவிட வேர் நீளம்தான் அமிலத்தை முதலில் காட்டிக்கொடுக்கும். லென்ஸில் பாருங்கள்: பாதிக்கப்பட்ட வேரின் நுனி பழுப்பாகவும், பக்க வேர்கள் குறைவாகவும் குட்டையாகவும் இருக்கும். பிஎச் 5 தட்டில் வித்தியாசமே தெரியாமல் போனால் அதுவும் முடிவுதான், எண்ணைத் திருத்தாதீர்கள்.

ஏற்காட்டில் மார்கழியில் செய்தால் முளைக்க இன்னும் ஓரிரு நாள் ஆகும், குளிர்தான் காரணம். நான்கு வகைத் தட்டுகளும் ஒரே அலமாரியில் இருந்தால் கவலையில்லை. ஊரில் காப்பி இருக்கிறதே என்று காப்பிக் கொட்டையை எடுக்காதீர்கள். அது முளைக்கவே ஒன்றரை மாதம் ஆகும்.

தொட்டிகள்: மண் என்ன செய்கிறது?

12 சின்னத் தொட்டிகள் வேண்டும். ஆறில் செம்மண், ஆறில் நன்றாகக் கழுவிய மணல். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம் சாண்டைத் தூசி போகும்வரை அலசுங்கள். தொட்டிக்கு 3 தட்டைப்பயறு ஊன்றி, முளைத்ததும் ஒன்றை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு வகையிலும் மூன்று தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர், மூன்றுக்கு பிஎச் 3 கரைசல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மி.லி. வீதம் இரண்டு வாரம். மணலில் சத்து இல்லை, விதையிலைகளின் சேமிப்பு தீர்ந்தபின் செடி வாடுவதை அமிலத்தின் தலையில் கட்டக்கூடாது. தொட்டிகளைத் தாழ்வாரத்தில் வையுங்கள், நிஜ மழை விழுந்தால் எல்லாம் கெட்டது.

தொட்டிக்கு அடியில் கிண்ணம் வைத்து வடியும் நீரின் பிஎச்சை ஒவ்வொரு முறையும் அளந்து வாருங்கள். பிஎச் 3 ஊற்றி, செம்மண்ணிலிருந்து 6 அல்லது 7 வந்தால் மண் அமிலத்தை முறித்துவிட்டது என்று பொருள். மணலில் அந்தத் தாங்கும் சக்தி சீக்கிரமே தீரும்.

சோதனைக்கு முன்பே மண்ணைப் பாருங்கள். 20 கிராம் மண், 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி அளவிடுங்கள். வினிகர் சொட்டுவிட்டுப் பார்ப்பதும் உண்டு. சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல் இருந்தால் பொங்கும். ஆனால் கருப்பூர், சூரமங்கலம் பக்கத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் லேசில் பொங்காது. பொங்கவில்லை என்பதற்காக அந்த மண்ணைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், பிஎச் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சேர்வராயன் மலையின் மேல்மண் வேறு கதை. பாக்சைட் என்ற அலுமினியத் தாது படிந்த மலை அது. அலுமினியம் நிறைய, கால்சியம் குறைவு. அமிலம் ஏறி மண்ணின் பிஎச் 5க்குக் கீழே போகும்போது அலுமினியம் கரைந்து வேர்முனையைத் தாக்கும், கால்சியமும் மெக்னீசியமும் அடித்துச் செல்லப்படும். அமில மழையின் பெரிய சேதம் இந்த வழியில்தான் வருகிறது. இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இரண்டு வாரத் தொட்டியில் தேடாதீர்கள்.

இலையில் தெளித்தும் பார்க்கலாம். தனியாக வளர்த்த செடிகளுக்குத் தினமும் காலையில் தெளிப்பானால் அமிலக் கரைசல் 20 அழுத்தம், ஒப்பீட்டுச் செடிக்கு டிஸ்டில்டு வாட்டர் அதே 20. உச்சி வெயிலில் தெளித்தால் துளியின் நீர் ஆவியாகிக் கந்தக அமிலம் மட்டும் இலையில் செறிந்து நிற்கும், புள்ளிகள் கூடுதலாக விழும். நேரத்தை மாற்றாமல் தெளியுங்கள்.

மழை பெய்யும் நாளில் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் புனலும் பாட்டிலும் வைத்து, முதல் பத்து நிமிட மழையைத் தனியாகவும் பிறகு வருவதைத் தனியாகவும் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் அளந்து எழுதுங்கள். முதல் பாட்டிலில் பிஎச் கூடுதலாக இருந்தால் காற்றில் மிதக்கும் சுண்ணாம்புத் தூசியைச் சந்தேகியுங்கள். பாட்டிலை அசையாமல் வைத்தால் அந்தத் தூசி அடியில் வண்டலாகப் படியும்.